'கெட்' இருக்க பயமேன்!

கடையில பேனா வாங்குறோம். பரீட்சையில மார்க் வாங்குறோம். அப்பாகிட்ட திட்டு வாங்குறோம். ஊர்ல நல்ல பேர் வாங்குறோம். லிஃப்ட் ரிப்பேர்னா நாலாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்குது. கல்யாண வீட்டுக்குப் போனா வாசல்லயே 'வாங்க, வாங்க'ன்னு வேற கூப்பிடுறாங்க!

இந்த 'வாங்கு'வுக்கு எத்தனை அர்த்தம்னு யாராவது உட்கார வெச்சு நமக்குப் பாடம் எடுத்தாங்களா? இல்லை. 'வாங்கு - பொருள் ஒன்று, பொருள் இரண்டு'ன்னு மனப்பாடம் பண்ணினோமா? அதுவும் இல்லை. ஆனா ஒரு இடத்துலகூட தப்பா பேச மாட்டோம். காரணம் ரொம்ப சிம்பிள். நாம வார்த்தையைப் படிக்கலை, வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தோம்.

இங்கிலீஷ்லயும் இப்படி ஒரு சர்வரோக நிவாரணி இருக்கு. அதன் பெயர் 'கெட்'. இறந்த காலத்தில் 'காட்'. கடவுள் இல்லீங்க, இது வேற! இங்கிலீஷ்ல அதிகம் பயன்படுற வினைச்சொற்களை வரிசைப்படுத்தினா முதல் பத்துக்குள்ள வந்து உட்கார்ற ஆள். ஆனா நம்ம பாடப் புத்தகங்கள்ல இதுக்கு மரியாதை கம்மி. 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'பர்ச்சேஸ்' எல்லாம் தெரியும். 'கெட்' மட்டும் வாயில வராது.

இதனால என்ன நஷ்டம்? கேம்பஸ் இன்டர்வியூவில் தெரியும். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' வரைக்கும் மனப்பாடம் காப்பாத்தும். அடுத்து சாதாரணமா, 'ஹௌ டிட் யூ கெட் ஹியர் டுடே?'ன்னு ஒரு கேள்வி வரும். 'இங்கே எப்படி வந்தீங்க'ன்னு கேக்குறாங்க, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் ஒரு பாடமாப் படிச்ச பையன் அங்கே அப்படியே நிப்பான். எதிர்ல இருக்கிறவர் அந்த மௌனத்தை 'இவனுக்கு ஒண்ணும் தெரியலை'ன்னு எழுதிக்குவார். சப்ஜெக்ட்ல புலியா இருப்பான். ஆனா அன்னிக்குக் கேக்குறது சப்ஜெக்ட் இல்லையே!

தமிழ் மீடியம் நண்பர்களே, உங்ககிட்ட இல்லாதது அறிவோ, பெரிய பெரிய வார்த்தைகளோ இல்லை. இந்த மாதிரி சின்ன வார்த்தைகளோட பழக்கம்தான். அதையும் நம்ம தமிழை வெச்சே பிடிச்சிடலாம். எப்படின்னு பார்ப்போமா?

'எனக்கு'வை 'ஐ' ஆக்குங்க

தமிழ்ல நமக்கு நடக்கிற விஷயங்களை எப்படிச் சொல்றோம்னு கவனிச்சிருக்கீங்களா? 'எனக்கு வேலை கிடைச்சது', 'எனக்குப் புரிஞ்சது', 'எனக்குக் கோபம் வந்தது'. எல்லாமே 'எனக்கு'வில் ஆரம்பிக்குது. வேலைதான் கிடைக்குது, கோபம்தான் வருது. நாம சும்மா வாங்கிக்கிற ஆள்!

இங்கிலீஷ்காரருக்கு அந்த அடக்கம் கிடையாது. எதைச் சொன்னாலும் 'நான்'னு முன்னால வந்து நிப்பார். நாம 'எனக்கு'வை மனசுல வெச்சுக்கிட்டு அதுக்கு இங்கிலீஷ் தேடுறதாலதான் முதல் வார்த்தையே தொண்டையில சிக்குது. 'எனக்கு'வைத் தூக்கிட்டு 'ஐ' போடுங்க. கூடவே 'கெட்'டைச் சேருங்க. வண்டி கிளம்பிடும்.

* எனக்கு வேலை கிடைச்சிருச்சு - ஐ காட் எ ஜாப்.
* எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு - ஐ காட் எ லெட்டர்.
* எனக்குப் புரிஞ்சிருச்சு - ஐ காட் இட்.
* எனக்கு ஜலதோஷம் பிடிச்சிருச்சு - ஐ காட் எ கோல்ட்.
* எனக்குக் கோபம் வந்துருச்சு - ஐ காட் ஆங்க்ரி.
* எனக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்க - ஐ'வ் காட் டூ யங்கர் பிரதர்ஸ்.

தமிழ்ல கிடைக்க, வர, புரிய, பிடிக்க, இருக்கன்னு அஞ்சு வினை. இங்கிலீஷ்ல ஒரே ஆள் எல்லா வேலையையும் பார்க்குது. கடைசி வரியில மட்டும் 'ஹேவ்' ஒட்டிக்கிட்டு 'ஐ'வ் காட்'னு வந்திருக்கு பாருங்க. அது 'கிடைச்சது' இல்லை, 'இருக்கு'. 'ஐ'வ் காட் எ பைக்'னா என்கிட்ட பைக் இருக்கு. அதே 'ஐ'வ் காட்' பின்னாடி ஒரு 'டு' வந்தா 'செஞ்சே ஆகணும்'. 'ஐ'வ் காட் டு கோ' - நான் போயே ஆகணும். ஹாலிவுட் படங்கள்ல 'காட்டா கோ'ன்னு காதுல விழுறது இதுதான்.

இங்கே ஒரு வேகத்தடை: 'கிடைக்கலை'ன்னு சொல்லும்போது நிறைய பேர் 'ஐ டிட்ன்ட் காட்'னு சொல்லிடுறாங்க. 'டிட்' வந்தாலே இறந்த காலம் வந்தாச்சு. ரெண்டு தடவை இறக்க வேண்டாம்! 'ஐ டிட்ன்ட் கெட் தி லெட்டர்' போதும்.

'ஆயிட்டேன்'ல ஒரு சூட்சுமம்

நாம பேசுற தமிங்கிலீஷை எல்லாரும் திட்டுறாங்க. ஆனா இந்த ஒரு விஷயத்துல அது நமக்கு ஃப்ரீ டியூஷன். 'கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்', 'டயர்ட் ஆயிட்டேன்', 'அப்செட் ஆயிட்டா', 'ரெடி ஆகு'ன்னு நாள் முழுக்கப் பேசுறோம்ல? அந்த 'ஆகு' இருக்கிற இடத்துல 'கெட்'டை வெச்சுப் பாருங்க.

'ஐ காட் கன்ஃப்யூஸ்ட்.' 'ஐ காட் டயர்ட்.' 'ஷீ காட் அப்செட்.' 'கெட் ரெடி.' அவ்வளவுதான் பாஸ் மேட்டர்!

ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்கு மாறுறதைச் சொல்றதுக்கு 'கெட்'டை விட்டா இவ்வளவு சுலபமான வழி இல்லை. மாற்றம் இப்ப நடந்துக்கிட்டு இருக்குன்னா 'கெட்டிங்'. 'இட்'ஸ் கெட்டிங் லேட்' - நேரமாகுது. 'இட்'ஸ் கெட்டிங் டார்க்' - இருட்டிக்கிட்டு வருது. 'ஐ'ம் கெட்டிங் ஹங்ரி' - பசிக்க ஆரம்பிச்சிருச்சு.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு எல்லா 'ஆயிட்டேன்'லயும் பாய்ஞ்சுடாதீங்க. 'பாஸ் ஆயிட்டேன்', 'ஃபெயில் ஆயிட்டேன்', 'எஸ்கேப் ஆயிட்டேன்', 'அப்பா ரிட்டயர் ஆயிட்டார்'. இந்த நாலும் டேஞ்சர் ஏரியா. இவை எல்லாம் தாங்களே வினைச்சொற்கள். இன்னொரு வினையைத் துணைக்குக் கூப்பிடாது. அதனால 'ஐ காட் பாஸ்ட்', 'ஐ காட் ஃபெயில்ட்' எல்லாம் தப்பு. 'ஐ பாஸ்ட்', 'ஐ ஃபெயில்ட்', 'ஐ எஸ்கேப்ட்', 'மை ஃபாதர் ரிட்டயர்ட்'னு நேரா சொன்னாலே போதும். 'மீ த எஸ்கேப்'னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கலாம், ஹெச்.ஆர்.கிட்ட வேணாம்!

இன்னொரு குழி: 'பயம் வந்துருச்சு'ன்னு சொல்ல 'ஐ காட் ஃபியர்', கோபத்துக்கு 'ஐ காட் ஆங்கர்'. பயம், கோபம்ங்கிற பெயர்ச்சொல்லை அப்படியே வைக்கக் கூடாது. பயந்த நிலை, கோபமான நிலைதான் வேணும். 'ஐ காட் ஸ்கேர்ட்', 'ஐ காட் ஆங்க்ரி'.

பஸ்ஸுல ஏறுங்க, இறங்குங்க

முதல்ல பார்த்த அந்த இன்டர்வியூ கேள்விக்கு வருவோம். ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்கும் 'கெட்'தான். 'ஹௌ டு ஐ கெட் டு எக்மோர் ஸ்டேஷன்?' - எழும்பூர் ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது? 'ஐ காட் டு காலேஜ் அட் நைன்' - ஒன்பது மணிக்கு காலேஜ் போய்ச் சேர்ந்தேன். வீடு, இங்கே, அங்கே இந்த மூணுக்கும் மட்டும் நடுவுல 'டு' வேண்டாம். 'ஐ காட் ஹோம்', 'ஐ காட் ஹியர் பை பஸ்'. முடிஞ்சது பதில்! 'ரீச்' போட்டுச் சொல்றவங்களுக்கு ஒரு குறிப்பு: 'ரீச்' பின்னாடி 'டு' வராது. 'ஐ ரீச்ட் டு காலேஜ்' தப்பு, 'ஐ ரீச்ட் காலேஜ்' சரி.

வண்டியில ஏறி இறங்கவும் இதே ஆள்தான். உள்ளே எழுந்து நின்னு நடக்க முடியுற வண்டி - பஸ், ரயில், விமானம் - எல்லாத்துக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிஞ்சு உள்ளே நுழைஞ்சு உட்கார்ற கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. மேல ஏறி உட்கார்ற பைக்குக்கும் சைக்கிளுக்கும் மறுபடி 'ஆன்', 'ஆஃப்'.

நாம எல்லாரும் சொல்ற 'கெட் டவுன்' என்னாச்சுன்னு கேக்குறீங்களா? 'ஐ வில் கெட் டவுன் அட் கிண்டி'ன்னு சொன்னா நம்ம நாட்டுல எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர் மட்டும் ஒரு செகண்ட் முழிப்பார். அவர் ஊர் போலீஸ் 'கெட் டவுன்!'னு கத்தினா, 'தலையைக் குனி, தரையோட படு'ன்னு அர்த்தம். கிண்டி ஸ்டாப்பிங்ல அது எதுக்கு? 'கெட் ஆஃப்'னு சொல்லிப் பழகினா எந்த ஊர்லயும் பிரச்னை இல்லை.

முடி வெட்டினது யாரு?

'வீடு கட்டினேன்'னு சொல்றோம். கட்டினது கொத்தனார். 'சட்டை தைச்சேன்'னு சொல்றோம். தைச்சது டெய்லர். தமிழ்ல இது யாரையும் குழப்பாது. ஆனா அப்படியே 'ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்'னு மாத்தினா, 'பரவாயில்லையே, தையல்கூட தெரியுமா?'ன்னு ஆச்சரியமா பார்ப்பாங்க.

காசு கொடுத்தோ, கேட்டுக்கிட்டோ அடுத்தவர் மூலமா ஒரு வேலையை முடிச்சா, 'காட்', அடுத்து பொருள், அப்புறம் வேலை. இதுதான் வரிசை.

* முடி வெட்டிக்கிட்டேன் - ஐ காட் மை ஹேர் கட்.
* பைக்கை ரிப்பேர் பண்ணினேன் - ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.
* சர்டிஃபிகேட்ல அட்டஸ்டேஷன் வாங்கினேன் - ஐ காட் மை சர்டிஃபிகேட்ஸ் அட்டஸ்டட்.

ஃபைனல் இயர் ஆளுங்க ஒண்ணு கவனிங்க. 'ஐ காட் மை ப்ராஜெக்ட் டன்'னா 'ப்ராஜெக்டை முடிச்சிட்டேன்'னும் அர்த்தம் வரும், 'ஆளை வெச்சு முடிச்சேன்'னும் அர்த்தம் வரும். ராத்திரி பகலா கண் முழிச்சு நீங்களே செஞ்ச ப்ராஜெக்டா? 'ஐ டிட் இட் மைசெல்ஃப்'னு கம்பீரமா சொல்லுங்க. வெளியில காசு கொடுத்து வாங்கினவங்க... உங்களுக்கு எந்த வாக்கியமும் உதவாது, அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க!

ஒரு ஆளைச் சம்மதிக்க வைக்க, செய்ய வைக்கவும் இது உதவும். இங்கே நடுவுல ஒரு 'டு' சேரும். 'ஐ காட் மை ஃபாதர் டு அக்ரீ' - அப்பாவை சம்மதிக்க வெச்சுட்டேன். டூருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய வாக்கியம்!

மாட்டிக்கிட்டேன்!

நாம எதையும் செய்யலை, நமக்கு ஏதோ ஆயிடுச்சு. அதுக்கும் 'காட்' வரும். 'ஹீ காட் காட்'னு சொன்னா சாமியாருக்கு மந்திரம் சொன்ன மாதிரி இருக்கும். முதல் 'காட்' நம்ம ஆள். ரெண்டாவது, பிடிக்கிறதைக் குறிக்கிற 'கேட்ச்'சோட இன்னொரு வடிவம். அவன் மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். 'மை மொபைல் காட் ஸ்டோலன்' - மொபைல் திருடு போயிடுச்சு. 'மை ட்ரெய்ன் காட் டிலேய்ட்' - ரயில் லேட்டாயிடுச்சு. 'ஐ காட் ப்ளேஸ்ட்' - கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டேன். இந்தக் கடைசி வாக்கியம் நீங்க எல்லாரும் சீக்கிரமே சொல்லணும்!

வால் முளைச்ச 'கெட்'

ஸ்கூல்ல முதன்முதலா நம்ம காதுல விழுந்த 'கெட்' எது? 'கெட் அவுட்' தானே! பின்னாடி ஒரு குட்டி வால் முளைச்சா இவர் ஆளே மாறிடுவார். நூத்துக்கணக்கா மனப்பாடம் பண்ண வேண்டாம். காலேஜ் வாழ்க்கைக்கு இந்த ஏழு போதும்.

கெட் அப்: படுக்கையை விட்டு எழுந்திருக்கிறது. கண் முழிக்கிறது மட்டும்னா 'வேக் அப்'. ஆறு மணிக்கு 'வேக் அப்', எட்டு மணிக்கு 'கெட் அப்'ங்கிறதுதான் ஹாஸ்டல் டைம்டேபிள்.

கெட் அலாங்: ஒத்துப்போறது. 'ஐ கெட் அலாங் வித் மை ரூம்மேட்.'

கெட் த்ரூ: தாண்டி வர்றது. 'ஐ காட் த்ரூ தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' - முதல் சுற்றில் தேறிட்டேன். போன்ல லைன் கிடைக்கலைன்னாலும் 'ஐ குட்ன்ட் கெட் த்ரூ'தான்.

கெட் யூஸ்ட் டு: பழகிப்போறது. 'ஐ காட் யூஸ்ட் டு ஹாஸ்டல் ஃபுட்.' வேற வழி?

கெட் அவே வித்: தப்பு செஞ்சும் மாட்டாம தப்பிக்கிறது. ப்ராக்ஸி கொடுக்கிறவங்களுக்கு இந்த வார்த்தை சமர்ப்பணம்.

கெட் ஓவர்: காயத்துல இருந்து மீண்டு வர்றது. காதல் தோல்வியோ, அரியரோ, அதைத் தாண்டி வர்றதுக்கு இதுதான் சொல். 'கிளாஸ் காட் ஓவர்'னு நாம சொல்றது நம்ம ஊரு வழக்கம். 'கிளாஸ் இஸ் ஓவர்'னா எங்கேயும் செல்லும்.

கெட் பேக் டு: 'வீ வில் கெட் பேக் டு யூ.' இன்டர்வியூ முடிஞ்சதும் காதுல விழுற வாக்கியம். 'அப்புறம் சொல்றோம்'. 'இல்லை'ன்னும் அர்த்தம் இல்லை, 'ஆமா'ன்னும் அர்த்தம் இல்லை. ஒரு வாரம் பொறுத்துட்டு நாமளே ஒரு மெயில் போட்டுக் கேக்கலாம், தப்பில்லை.

சொல்ல மறந்துட்டோம். நம்ம சினிமாவுல 'கெட்டப் சேஞ்ச்'னு சொல்றோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 'கெட்-அப்'னா இங்கிலீஷ்ல வேஷம், உடை. 2008இல் வந்த 'தசாவதாரம்' படத்துல கமல் போட்டது பத்து கெட்டப்!

கப்பல்ல வந்த வார்த்தை

இவ்வளவு வேலை பார்க்கிற 'கெட்', இங்கிலாந்தோட சொந்தப் பிள்ளை இல்லைன்னா நம்புவீங்களா? ஒன்பதாம் நூற்றாண்டுல ஸ்காண்டிநேவியாவில் இருந்து கப்பலேறி வந்து இங்கிலாந்தைத் தாக்கி, அங்கேயே குடியேறினவங்க வைக்கிங்குகள். அவங்க பேசின பழைய நார்ஸ் மொழியில 'கெடா'ன்னு ஒரு வினைச்சொல். அதுதான் இங்கிலீஷ்ல 'கெட்' ஆச்சு. கூடவே 'டேக்', 'தே', 'எக்', 'ஸ்கை', 'ஹஸ்பண்ட்' எல்லாம் அவங்ககிட்ட இருந்து வந்தவைதான். இப்போ இதெல்லாம் இல்லாம இங்கிலீஷ்காரரால ஒரு நாள் பேச முடியாது. வெளியில இருந்து வார்த்தை வாங்கினது நாம மட்டும் இல்லைங்க!

பிடிக்கிறது, கைக்குள்ள வர்றது - இதுதான் அந்த வேர்ச்சொல்லோட பழைய அர்த்தம். 'ஃபர்கெட்' - மறக்கிறது - இதே வேர்ல முளைச்ச உள்ளூர்ச் சொல். பிடி நழுவிப் போறது! புரிஞ்சதுக்கு 'காட் இட்'னு சொல்றாங்களே, நாமளும் 'இப்பதான் பிடிபட்டுச்சு'ன்னு சொல்றோமே! ரெண்டு மொழிக்கும் சம்பந்தமே இல்லை, ஆனா மனுஷ மனசு ஒரே மாதிரிதான் வேலை செய்யுது.

அமெரிக்கா போறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். அங்கே 'காட்டன்'னு ஒண்ணு கேட்கும். சேலை இல்லை, 'கெட்'டோட மூணாவது வடிவம். 'ஐ'வ் காட் எ டிக்கெட்'னா டிக்கெட் கையில இருக்கு. 'ஐ'வ் காட்டன் எ டிக்கெட்'னா டிக்கெட் கிடைச்சிருச்சு. பிரிட்டன்ல பெரும்பாலும் ரெண்டுக்கும் 'காட்'தான். நமக்கும் அது போதும்.

எங்கே கூடாது?

பேச்சுல ராஜாவா இருக்கிற 'கெட்', எழுத்துல கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். விண்ணப்பம், ரெஸ்யூமே, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'ஐ காட் யுவர் லெட்டர்' வேண்டாம், 'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்'. 'காட் பெட்டர்' வேண்டாம், 'இம்ப்ரூவ்ட்'. 'பஸ் பாஸ் கெட்' பண்ண வேண்டாம், 'அப்டெய்ன்' பண்ணுங்க. புத்தகத்துல படிச்ச கனமான வார்த்தைகளுக்கு இங்கேதான் வேலை. அவற்றைப் பேச்சுக்குக் கொண்டுவந்து, பேச்சு வார்த்தைகளை எழுத்துக்குக் கொண்டுபோறதுதான் நாம பண்ற குளறுபடி.

சரி, இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?

டிக்ஷனரியில 'கெட்'டுக்கு எத்தனை அர்த்தம்னு எண்ணாதீங்க, தலை சுத்தும். அதுக்குப் பதிலா ராத்திரி படுக்கும் முன்னாடி அன்னிக்கு நடந்த அஞ்சு விஷயத்தை எடுத்துக்குங்க. எத்தனை மணிக்கு எழுந்தீங்க, எந்த பஸ்ஸைப் பிடிச்சீங்க, யார்கிட்ட திட்டு வாங்குனீங்க, எது புரியலை, எதுல டயர்ட் ஆனீங்க. அஞ்சையும் 'ஐ காட்'னு ஆரம்பிச்சு வாய்விட்டுச் சொல்லுங்க. புரியாததுக்கு மட்டும் 'ஐ டிட்ன்ட் கெட்'. மனசுக்குள்ள சொன்னா கணக்குல சேராது. கேக்க ஆள் இல்லைன்னா கண்ணாடி இருக்கு. தப்பு வந்தா வரட்டும், கண்ணாடி சிரிக்காது.

நாலு நாள்ல 'எனக்கு'ங்கிற தடுப்பு விலகும். ரெண்டு வாரத்துல வார்த்தையைத் தேடுறது குறையும். அப்புறம் எந்த ரூமுக்குள்ள போய் உட்கார்ந்தாலும், கேள்வி புரியலைன்னாகூட வாயடைச்சு நிக்க மாட்டீங்க. 'சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்'னு நிமிர்ந்து சொல்லி, கேள்வியை இன்னொரு தடவை கேட்டு வாங்குவீங்க.

என்ன ஃப்ரெண்ட்ஸ், காட் இட்?